படத்தில் சிவப்பு, கண்ணுக்குச் சாம்பல்

"இவ்வளவுதானா சார்? போட்டோல சிவப்பா, ஊதாவா இருந்துச்சே!"

இரவு வான்நோக்கு நிகழ்ச்சிகளில் ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தைக் காட்டும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். சமீபத்தில் கேட்டவள் ஒரு பள்ளி மாணவி. ஏமாந்துவிட்டோம் என்று அவள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

ஓரியன் என்பது வேட்டைக்காரன் வடிவ விண்மீன் குழு. வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள்தான் அவனது இடுப்புப் பட்டை. அதிலிருந்து தொங்கும் வாளின் நடுவில் மங்கலாகத் தெரிவதே இந்த நெபுலா. தூரம் சுமார் 1,350 ஒளியாண்டு. அதன் நடுவே ட்ரபீசியம் என்ற இளம் விண்மீன் கூட்டம் இருக்கிறது. அதிலேயே மிகச் சூடான விண்மீன் வீசும் புறஊதாக் கதிர்தான் சுற்றியுள்ள வாயுவை ஒளிர வைக்கிறது. அந்தக் கதிர் பட்டு ஹைட்ரஜனிலிருந்து பிரிந்த எலக்ட்ரான் மறுபடி அதோடு சேரும்போது 656 நானோமீட்டரில் சிவப்பு ஒளி வருகிறது. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்பவை நம் கண்ணின் குச்சி செல்கள். அவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது, இந்தச் சிவப்பையோ அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது, கண்ணால் அது முடியாது. ஆகவே படமும் பொய்யில்லை, கண்ணும் பொய்யில்லை. சில படங்களில் மட்டும் ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று தனிமத்தைப் பிரித்துக் காட்டவே நிறம் கொடுப்பார்கள்.

பெரிய தொலைநோக்கியில் சிலருக்கு லேசான பச்சை தெரியும். எனக்கு மிகப் பிடித்த கதை அதில்தான் இருக்கிறது. நெபுலாக்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்த 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களுக்கு அந்தப் பச்சைக் கோடு எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 'நெபுலியம்' என்ற புதுத் தனிமமாக இருக்குமோ என்று எண்ணினார்கள். 1927இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் விடை கண்டார்: அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன். அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்ளாத, மிக மெல்லிய வாயுவில்தான் அந்த ஒளி வெளிப்படும். இவ்வளவு பிரகாசமாகத் தெரியும் நெபுலாவும் அப்படிப்பட்ட வெறுமைதான். நாம் மூச்சுவிடும் காற்றோடு ஒப்பிடவே முடியாது.

தொலைநோக்கி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வண்ணப் படத்தையும் '500 மடங்கு' என்ற எண்ணையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். முன்பக்கப் பெரிய லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், ஏறத்தாழ அதுதான் உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. இந்த நெபுலா வானில் முழு நிலவைவிட அகலமானது, 30 முதல் 50 மடங்கே போதும். கூட்டக் கூட்ட மங்கிப் போகும்.

இருளும் வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்; இடையில் ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். சிவப்பு டார்ச் பயன்படுத்துங்கள். தெருவிளக்குக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் அனுப்பினாலே வானம் கணிசமாக மீளும்.

அந்த மாணவியைக் கொஞ்ச நேரம் இருட்டில் நிற்க வைத்து, நெபுலாவை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கச் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்: "சார், நடுவுல நாலு குட்டிப் புள்ளி. சுத்தி இறக்கை மாதிரி விரியுது."

இப்போது வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவளை அவசரப்படுத்தினார்கள்.