அது மஞ்சள் கறை இல்லை, ஆசிட் கறை

போன மாதம் குப்பம் ரோட்டில் ஒரு வீட்டுக்கு வரச் சொன்னார்கள். கிரகப்பிரவேசம் முடிந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் கட்டிய மாவிலை இன்னும் உதிரவில்லை. சமையலறையில் வெள்ளை கிரானைட் மேடை. சிங்க்கைச் சுற்றி ஓர் அடிக்குத் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் பழுப்பு பரவியிருந்தது.

"பால் காய்ச்சின அன்னைக்கு மஞ்சத் தண்ணி சொம்பு சாஞ்சிடுச்சு சார். அந்தக் கறைதான் இப்படி ஆயிடுச்சு" என்றார் வீட்டுக்காரர். அவருடைய அம்மா நிலைப்படியில் நின்றபடியே, "அப்பவே சொன்னேன், கறுப்புக் கல்லு போடுங்கடான்னு. யாரு கேட்டாங்க?" என்றார்.

மஞ்சள் கொட்டியதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மேஸ்திரிக்கு போன் பண்ணோம். ஆசிட் ஊத்தித் தேச்சா போயிடும்னாரு. தேச்சோம். மொதல்ல பளிச்சுனுதான் இருந்துச்சு."

இந்த வருடம் இதே கதையோடு எனக்கு இது ஐந்தாவது வீடு. கிருஷ்ணகிரியில் சமையலறை வேலை எடுத்துச் செய்கிறேன். ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை உண்டு. பர்கூர் பக்கம் கல் வெட்டி எடுக்கிறார்கள், ரோட்டில் கல் லாரி போகாத நாளில்லை. அப்படிப்பட்ட ஊரில் கல்லைக் கழுவத் தெரியவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டுக்காரர்கள் மேல் இல்லை, யோசனை சொன்னவர்கள் மேல்.

முதலில் இந்த ஆசிட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். "கிரானைட் கெட்டியான கல், ஆசிட்டுக்கு அசையாது" என்று எல்லாரும் நம்புகிறார்கள். பாதி உண்மை. எலுமிச்சை, புளி, தயிர் இவற்றுக்குக் கிரானைட் அசையாதுதான். மார்பிளில் எலுமிச்சைச் சாறு பட்டால் பாலிஷ் செத்துப்போகும், கிரானைட்டில் போகாது. ஆனால் கடையில் பாட்டிலில் விற்கிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். வெள்ளைக் கல்லில் அங்கங்கே தெரிகிற கறுப்புப் புள்ளி பெரும்பாலும் கறுப்பு மைக்கா, சிவப்புப் புள்ளி கார்னெட். இரண்டிலும் இரும்பு இருக்கிறது. ஆசிட் அந்த இரும்பைக் கரைத்துப் பக்கத்தில் உள்ள நுண்ணிய துளைகளுக்குள் தள்ளிவிடும். அன்றைக்குக் கல் ஈரமாகப் பளிச்சென்று இருக்கும். நாலைந்து நாளில் காய்ந்து காற்றுப்பட்டதும் அந்த இரும்பு துருவாகிப் பழுப்பாக வெளியே தெரியும். உடனே நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள் இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடி ஆசிட் ஊற்றுகிறோம். அந்த வீட்டில் மூன்று முறை ஊற்றியிருந்தார்கள்.

மஞ்சள் கறைக்கும் துருவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மஞ்சள் கொட்டிய இடத்தில் மட்டும், கொட்டிய வடிவத்தில் இருக்கும். வெயில் பட்டால் நாளுக்கு நாள் மங்கும். மஞ்சள் பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டவர்களுக்கு இது தெரியும். சோப்புப் பட்டால் சிவக்கும். துரு மங்காது, சிவக்காது. நாளாக ஆகத்தான் கூடும். அந்த வீட்டு மேடையில் ஜன்னலை ஒட்டி, ஆசிட் படாத ஓரத்திலும் கொஞ்சம் மஞ்சள் சிந்தியிருக்கிறது. நான் போனபோது தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சும்மா விட்டிருந்தாலே பாதி போயிருக்கும்.

இதில் கழிப்பறை கழுவும் திரவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பாட்டில்களில் அதே ஆசிட்தான் இருக்கிறது, நிறமும் வாசனையும்தான் வேறு. ஸ்டீல் சிங்க்கும் குழாயின் குரோம் பூச்சும்கூட அதனால் பொத்துப்போகும். துருவை எடுக்கும் மருந்து என்று சில கடைகளில் தருவதில் ஹைட்ரோபுளோரிக் ஆசிட் வகை இருக்கலாம். அது கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கெட்டியான கனிமத்தையே தின்னும், தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும். இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சமையலறையில் அது கறையைவிடப் பெரிய பிரச்சினை.

சரி, அந்த அம்மா சொன்ன கறுப்புக் கல்லுக்கு வருவோம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் கறுப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. டோலரைட், காப்ரோ வகைப் பாறை. ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியும் அந்த ஜாதிதான். நெருக்கமான கல், எண்ணெய் குடிப்பது குறைவு. ஆனால் நம் ஊர் போர் தண்ணீரை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. புளூரைடு தொல்லைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த மாவட்டம் இது. பாத்திரம் கழுவ இன்றைக்கும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்புக் கல்லில் குழாயடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படியும். அதைப் போக்க வீட்டில் என்ன எடுப்பார்கள்? மறுபடி ஆசிட்தான். வெளிர் கல்லில் அந்தப் படிவு கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் குறைந்த சமையலறைக்கு வெளிர் கல் நல்லது, எறும்பு வரிசை போவதும் உடைந்த கண்ணாடிச் சில்லும் உடனே தெரியும். என்னைக் கேட்டால் நான் வெளிர் கல் கட்சிதான். கல்லைப் பார்த்து எடுங்கள் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பார்த்து எடுப்பது என்றால் போனில் வந்த படத்தைப் பார்ப்பது இல்லை. பெயரை நம்புவதும் இல்லை. காஷ்மீர் ஒயிட் என்று ஒரு கல், மதுரைப் பக்கத்தில் வெட்டி எடுப்பது; காஷ்மீரை அது பார்த்ததே கிடையாது. வெள்ளையில் குட்டிக் குட்டிச் சிவப்புக் கார்னெட்டோடு அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர் நன்றாகக் குடிக்கும் கல் என்று தொழிலில் பெயர் எடுத்தது. ஒரே பெயரில் வரும் இரண்டு லோடு கல்கூட ஒரே மாதிரி இருக்காது. கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அமெரிக்கத் தர அளவு சொல்கிறது. கல் விற்கும் யார்டில் அந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார்கள். நீங்களே சோதிக்கலாம்.

நீங்கள் எடுக்கப்போகிற அதே ஸ்லாபின் ஓரத்திலிருந்து கையகலத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஷோரூம் மேஜையில் வைத்திருக்கும் சாம்பிள் வேண்டாம், அதற்கு ஏற்கெனவே சீலர் (கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூசியிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து பாலிஷ் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு நல்லெண்ணெய், அரை எலுமிச்சையைக் கவிழ்த்து ஒரு இடம். கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். தண்ணீர் இருந்த இடம் கறுத்திருந்தால் கல் குடிக்கிறது, சீலர் கட்டாயம். எண்ணெய் இரண்டு நிமிடத்திலேயே உள்ளே போய்விட்டால் அந்தக் கல்லைப் பூஜை அறைக்கோ டிவிக்குக் கீழேயோ போடுங்கள், அடுப்பு மேடைக்கு வேண்டாம். எலுமிச்சை பட்ட இடம் மங்கியிருந்தால் அது கிரானைட்டே இல்லை, மார்பிள் இனம். கறுப்புக் கல் எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோனை வெள்ளைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் சாயம் ஏற்றிய கல்.

கடைசியாக அந்தத் துண்டில் உங்கள் வீட்டு ஆவக்காய் ஊறுகாயை ஒரு ஸ்பூன் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். நம் பக்கத்துச் சமையலறைக்கு அதைவிடக் கடுமையான பரிட்சை எனக்குத் தெரியவில்லை. மிளகாய்ச் சிவப்பும் எண்ணெயும் மஞ்சளும் ஒன்றாக இறங்கும். காலையில் துடைத்த பிறகு எந்த நிழல் மிஞ்சுகிறதோ அதோடு வாழ முடியுமா என்று பாருங்கள்.

பாலிஷ் ஏறிய கல்லுக்குச் சீலர் எதற்கு என்று கேட்பார்கள். பாலிஷ் என்பது வழவழப்பு, துளையை அடைக்காது. சீலர் உள்ளே இறங்கித் துளையின் சுவரில் பிடித்துக்கொண்டு தண்ணீரையும் எண்ணெயையும் தள்ளி நிறுத்தும். மேலே படலமாக நிற்காது. மெழுகு தேய்ப்பது சீலர் ஆகாது. தண்ணீரோடு எண்ணெயையும் தடுக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். அடியில் உள்ள சிமெண்ட் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். கிரகப்பிரவேசத் தேதியை முதலில் குறித்துவிட்டுக் கல்லை அதற்கு முந்தின வாரம் போடுகிறார்கள். மேடைக்கு மஞ்சள், குங்குமம் வைக்காமல் நம் வீட்டில் முடியுமா? கல் பிறந்த குழந்தை மாதிரி வாய் திறந்து கிடக்கிற நேரத்தில் அதைக் கொடுக்கிறோம். ஒரு வாழை இலையை விரித்து அதன்மேல் வையுங்களேன், சாமி கோபித்துக்கொள்ளாது.

போடும்போது ஒரே ஒரு கவனம். நம் ஊரில் கீழே கடப்பாக் கல், மேலே சிமெண்ட் கலவை, அதன்மேல் கிரானைட். வெளிர் கல்லில் அடி நிறம் மேலே தெரியும். சாதாரண சிமெண்ட்டை அங்கங்கே உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டினால் மேலே கறுப்புத் திட்டாகத் தெரிந்து, அதற்கும் பழி கல்லுக்குத்தான். வெள்ளை நிற ஒட்டுப் பசையை முழுப் பரப்புக்கும் இழுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மேலே சிந்திய சிமெண்ட்டை அன்றைக்கே ஈர ஸ்பாஞ்சால் எடுத்துவிடச் சொல்லுங்கள். "அப்புறம் ஆசிட் வாஷ் பண்ணிக்கலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னால், ஒரு சொட்டு ஆசிட்டைக் கடப்பாத் துண்டில் விட்டுக் காட்டுங்கள். அது சுண்ணாம்புக் கல், நுரைத்துப் பொங்கும். இணைப்பு வழியாக இறங்கினால் அதுதான் உங்கள் அடித்தளத்துக்கும் நடக்கும்.

இதெல்லாம் தொல்லை, குவார்ட்ஸே போட்டுவிடலாம் என்பவர்களுக்கு: போடலாம். கறை குறைவு. ஆனால் குவார்ட்ஸ் தூளை ரெசினில் பிணைத்துச் செய்த பலகை அது, அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைத்தால் ரெசின் கருகலாம். அதை உலர வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசி வெட்டுகிற பையனின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த வகைப் பலகைகளையே தடை செய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வீடு புழுதியாகாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

ஏற்கெனவே கறை இருந்தால் பத்து போடுங்கள். வீக்கத்துக்குப் போடுகிற அதே பத்துதான். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவை அசிட்டோனில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து அரை அங்குலம் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காய விட்டு மரக் கரண்டியால் சுரண்டுங்கள். அசிட்டோன் தீப்பிடிக்கும், அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் முகப் பவுடரை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்து இதேபோல. ஒரு தடவையில் போகாது. மூன்று நாலு தடவை பொறுமையாகச் செய்யுங்கள். இரும்புத் தோசைக்கல்லை ஈரத்தோடு ராத்திரி மேடையில் வைக்காதீர்கள், காலையில் துரு வளையம் இருக்கும். தினசரிக்குப் பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு, தண்ணீர், உலர் துணி. அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம். தெரியாமல் ஆசிட் ஊற்றிவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரையும் ஊற்றிக் கழுவுங்கள். அதே நாளில்.

குப்பம் ரோட்டு வீட்டில் 12 நாள் ஆகிவிட்டதால் பத்துக்கும் அந்தத் துரு மசியவில்லை. சிங்க் பக்கத்துக் கல்லை மட்டும் மாற்றினோம். அதே லோடு கிடைக்கவில்லை, உற்றுப் பார்த்தால் இணைப்பு தெரியும். எடுத்த கல்லில் ஒரு துண்டை என் கடை மேஜையில் வைத்திருக்கிறேன். கல் பார்க்க வருகிறவர்களிடம் இது என்ன கறை என்று கேட்கிறேன். இதுவரை எல்லாரும் மஞ்சள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.