வாலாட்டும் கார்: போர்ஷே 911இன் தலைமுறைகளும் ஓட்டுபவரின் வலது காலும்

போகப் போக இறுகிக்கொண்டே வரும் ஒரு வளைவு. நினைத்ததைவிடச் சற்று வேகமாக நுழைந்தாகிவிட்டது. மனம் துணுக்குற, வலது கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுகிறது. ஓட்டுவது இன்றைய 992 ரக போர்ஷே 911 (911இன் ஒவ்வொரு தலைமுறைக்கும் போர்ஷே இப்படி ஒரு உள் எண் வைத்திருக்கிறது) என்றால் கவலையில்லை. மூக்கு லேசாக உள்ளே திரும்பும், கார் தன் வழியில் போகும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார். அதுவே 1967ஆம் ஆண்டு 911ஆக இருந்து, டயர்களும் தங்கள் பிடியின் விளிம்பில் இருந்தால், காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும்.

இரண்டும் 911தான். ஐரோப்பாவில் பழைய 911ஐ நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள், ஏலத்தில் வாங்குகிறார்கள். அப்படி எடுப்பவர்களில் பலர் புதிய 911ஐத் தினமும் ஓட்டுகிறவர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 911ஐ ஓட்டியே இராதவர் பயந்து பயந்து ஓட்டுவார். "911 எனக்குப் பழகின வண்டிதானே" என்று ஏறுபவரின் காலில் புதிய கார் ஏற்றிவிட்ட பழக்கம் உட்கார்ந்திருக்கும்.

பின்னால் தொங்கும் பாரம்

எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் காரின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல் விழுகிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் அழுந்தியிருக்கும்வரை இது வரம். பின் டயர்கள் தரையில் நன்றாகப் பதிந்திருக்கும், வளைவிலிருந்து வெளியேறும்போது கார் பாயும்.

காலை எடுத்த கணத்தில் கதை மாறுகிறது. எடை முன்னால் சாய்கிறது, பின் டயர்களின் பிடி குறைகிறது. அதே நேரம் எஞ்சினின் இழுவை பின் சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தப் பார்ப்பதால், ஏற்கெனவே குறைந்த பிடியில் ஒரு பங்கு அதற்கும் செலவாகிறது. பழைய கார்களில் மூன்றாவதாக ஒன்றும் சேரும். செமி டிரெய்லிங் ஆர்ம் எனப்படும் அவற்றின் பின் சஸ்பென்ஷனில், இழுவை திசை மாறியதும், இணைப்புகளில் உள்ள புஷ்கள் எனப்படும் ரப்பர் வளையங்கள் வளைந்துகொடுக்கும். சக்கரத்தின் முன்விளிம்பு சற்று வெளிப்பக்கம் திரும்பும். வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில், அதாவது பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் சக்கரத்தில், இது நடந்தால் பின் அச்சும் ஸ்டீயரிங் திருப்பியதுபோல் ஆகிவிடும்.

கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் எப்படியோ அப்படித்தான் அந்த எஞ்சினும். அசையத் தொடங்கச் சற்று நேரமாகும், அசைந்துவிட்டால் நிறுத்தவும் நேரமாகும். ஆகவே பலர் முதல் சறுக்கலைத் திருத்திவிட்டு, அது எதிர்ப்பக்கம் திரும்பி அடிக்கும் இரண்டாவது வீச்சில்தான் சாலையை விட்டு வெளியேறுகிறார்கள்.

1964 முதல் 1989 வரை

1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அறிமுகமாகி, பிரெஞ்சு கார் நிறுவனமான பெஜோவின் ஆட்சேபத்தால் 911 ஆன முதல் காரின் எடை சுமார் 1,080 கிலோ, திறன் 130 குதிரைத்திறன், அகலம் 1,610 மி.மீ. நான்கு சக்கரங்களிலும் 165 அகல டயர்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,211 மி.மீ. மட்டுமே. பின்பாரத்தை ஈடுகட்ட, முன் பம்பரின் இரு முனைகளிலும் தலா 11 கிலோ இரும்பைத் தொழிற்சாலையே வைத்து அனுப்பிய காலமும் உண்டு. அந்த இரும்பைத் தேவையற்ற பாரம் என்று கழற்றி எறிந்தவர்கள் நேர்ச்சாலையில்கூட மூக்கு மிதப்பதை உணர்ந்திருப்பார்கள்.

1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னே தள்ளினார்கள். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டாக்கி முன் மூலைகளில் வைத்தார்கள். காகிதத்தில் இது சின்ன மாற்றம். ஓட்டும்போது, பின்பக்கம் கிளம்புவதற்கு முன் கார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புகிறது என்ற அளவுக்குப் பெரிய மாற்றம். 1969 மாடலுக்கு முந்தைய காரை வாடகைக்கு எடுப்பவர் இதை மனதில் வைக்க வேண்டும்: வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

இந்தக் கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. சாலையின் ஒவ்வொரு குழியும் கைக்கு வரும், சக்கரம் உள்ளங்கையில் துடித்துக்கொண்டே இருக்கும். புதிய காரிலிருந்து வருபவர் இதைக் கோளாறு என்று நினைத்து இறுக்கிப் பிடிப்பார். அது தவறு. முன் டயர் பிடியை இழக்கப் போகிறது என்பதை ஸ்டீயரிங் திடீரென இலேசாவதன் மூலம்தான் இந்தக் கார் சொல்லும். இறுக்கிய கைக்கு அது கேட்காது. பெடல்களும் தரையிலிருந்து முளைத்தவை, நடுப்பக்கம் சற்றுத் தள்ளி இருப்பவை. குதிகாலை ஊன்றி நுனிக்காலால் அழுத்தப் பழக அரைமணி நேரமாவது ஆகும்.

1974இல் பெரிய பம்பர்களோடு வந்த தலைமுறை 1989 வரை நீடித்தது. அதில் கடைசியாக வந்த 3.2 லிட்டர் கரேராதான் பழைய குணத்தை முதன்முதலாகப் பழக ஏற்ற கார் என்பது எங்கள் கருத்து. 1986 வரையிலான கார்களில் 915 என்ற கியர்பாக்ஸ் இருக்கும். எண்ணெய் சூடாகும்வரை இரண்டாம் கியர் முரண்டுபிடிக்கும். நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு மெல்லத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால், கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையங்கள் தேயும். 1987இலிருந்து வந்த ஜி50 கியர்பாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

டர்போ தனிக் கதை. 930 என்ற எண் கொண்ட அந்தக் கார் 1975இல் 260 குதிரைத்திறனோடும், 1978இல் 3.3 லிட்டராகி 300 குதிரைத்திறனோடும் வந்தது. 1989 மாடல் வரும்வரை நான்கே கியர்கள். 3,000 சுற்றுக்குக் கீழே சாதுவாக இருக்கும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது, எனவே இன்னும் மிதிப்பீர்கள். ஓரிரு நொடி கழித்து, ஸ்டீயரிங் இன்னும் திரும்பியிருக்கும்போதே, கேட்ட விசை மொத்தமும் ஒரே தவணையில் வந்து சேரும். பின்பக்கம் நழுவும், பயத்தில் காலை எடுப்பீர்கள், இரண்டாவது தவறு முதல் தவறின் மேல் ஏறும். மனைவிமாரை விதவையாக்கும் கார் என்று அதற்குப் பெயர் வந்தது இந்த இரட்டைத் தவறால்தான். ஸ்டீயரிங்கை நேராக்கும் நேரத்துக்கு விசை வந்து சேரும்படி முன்கூட்டியே, மெல்ல மிதிக்க வேண்டும். அது கணக்குப் பார்த்து ஓட்ட வேண்டிய கார்.

பிடி இறுகிய காலம்

1989இல் வந்த 964 உருவத்தில் பழையது, உள்ளே பெரும்பாலும் புதியது. முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார் போய்ச் சுருள் ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், கூடவே நான்கு சக்கர இயக்கம் கொண்ட கரேரா 4. விசையில் 31 சதவீதம் முன்னே, 69 சதவீதம் பின்னே போகும். நான்கு சக்கர இயக்கம் என்றதும் பயமே இல்லை என்று எண்ணுவது பிழை. வேகமாக நுழைந்தால் இதன் முன்பக்கம் வளைவின் வெளிப்பக்கம் நழுவும், ஓட்டுபவர் காலை எடுப்பார், அப்போது பின்பக்கம் பழைய குணத்தைக் காட்டும்.

திருப்புமுனை 993தான். 1994 மாடலாக வந்த அந்தக் காரில் பின் சஸ்பென்ஷன் முழுவதும் மாறியது. பல கைகள் கொண்ட புதிய அச்சு, காலை எடுத்தபோது சக்கரம் வெளிப்பக்கம் திரும்பும் அந்த மூன்றாவது சங்கடத்தை நீக்கியது. எடை பின்னாலேயேதான் இருக்கிறது, எஞ்சின் இழுவையும் இருக்கிறது. ஆனால் எதிர்வினை படிப்படியாக வருகிறது, பதறாமல் திருத்த நேரம் கிடைக்கிறது. காற்றால் குளிரும் கடைசி 911 என்பதால் இதன் விலை ஏறிப்போயிருக்கிறது. ஓட்டும் உணர்வுக்கு மட்டும் விலை போட்டாலும் இதற்கு அந்த மதிப்பு உண்டு.

1997இல் வந்த 996இல் தண்ணீர் குளிர்விப்பு, 2,350 மி.மீ. அச்சுத் தூரம், மேலிருந்து தொங்கும் பெடல்கள். அப்போது முகவிளக்கைத்தான் எல்லோரும் திட்டினார்கள், ஸ்டீயரிங்கின் தெளிவைப் பேசியவர் குறைவு. வாங்குபவர் கவனிக்க வேண்டியவை வேறு. பிஎஸ்எம் எனப்படும் மின்னணு நிலைப்பாட்டு உதவி ஆரம்பகால 996களில் இல்லை. டேஷ்போர்டில் அதற்கான பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கார் 993போல் உங்கள் காலை நம்பித்தான் ஓடும். எஞ்சினில் இடைநிலை ஷாஃப்ட் பேரிங் உடையும் சிக்கல் இந்தத் தலைமுறைக்கு உண்டு. எண்ணெய் ஃபில்டரை மாற்றும்போது வெட்டித் திறந்து உலோகத்துகள் தேடுங்கள். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போதே பேரிங்கையும் மாற்றினால் ஒரே கூலியில் முடியும். முன் பம்பர் மூலைகளில் ரேடியேட்டர்களுக்குமுன் சேரும் சருகுகளையும் ஆண்டுக்கொரு முறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கி அரித்துவிடும்.

997 அதே குணத்தின் மெருகேறிய வடிவம். எல்லா கரேராக்களிலும் பிஎஸ்எம் உண்டு, 2009 மாடலிலிருந்து அந்த பேரிங் சிக்கலும் இல்லை.

2011இல் 991 வந்தபோது அச்சுத் தூரம் 100 மி.மீ. நீண்டு 2,450 ஆனது. எஞ்சினோடு ஒப்பிட்டால் பின் சக்கரங்கள் பின்னே நகர்ந்தன, ஸ்டீயரிங் மின்சாரமானது. இங்கேதான் ஆபத்தான பழக்கம் உருவாகிறது. முன்பக்கத்தின் பிடி மிக நன்றாக இருப்பதால், பிரேக்கை அழுத்தியபடியே வளைவின் உட்புறம்வரை போகலாம். கார் மறுக்காது. 1980களின் காரில் இதே வேலையைச் செய்வது பின் டயர்களிலிருந்து எடையை எடுத்துவிட்டு அவற்றையே நம்புவதற்குச் சமம். சாலையின் சொரசொரப்பு இப்போது கைக்கு வருவது குறைவு என்பதால், எச்சரிக்கையைக் கேட்கும் பழக்கமும் மங்கிவிடுகிறது.

992இல் அகலம் 1,852 மி.மீ. முதல் காரைவிட 24 செ.மீ. அதிகம், கிராமச் சாலையில் எதிரே டிராக்டர் வரும்போது இது தெரியும். கரேரா எஸ் காரின் பின் டயர் 305 அகலம். அகல டயர் தேங்கிய நீரில் மிதந்துவிடும் என்பதால்தான் ஈரச்சாலைக்கென்று தனி ஓட்டமுறையையே இந்தத் தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறார்கள். முன் சக்கர வளைவுகளில் உள்ள ஒலி உணரிகள் நீர்த்தெறிப்பைக் கேட்டு எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தும் முறையை மாற்றாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தலைமுறையா, தேய்மானமா?

இரண்டு பழைய 911களை ஓட்டிப் பார்த்துவிட்டு "அது ஆபத்தான மாடல், இது நல்ல மாடல்" என்று தீர்ப்புச் சொல்வதற்குமுன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். தீர்ப்பு பெரும்பாலும் ரப்பரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் டயரின் வரிப்பள்ளங்கள் ஆழமாக இருக்கும், ரப்பர் கட்டைபோல் இறுகியிருக்கும். 6 ஆண்டு தாண்டிய டயரில் எல்லையைச் சோதிக்க வேண்டாம்.

காற்றழுத்தம் முன்னும் பின்னும் ஒன்றல்ல. 16 அங்குலச் சக்கரம் கொண்ட 3.2 கரேராவுக்குக் குளிர்ந்த நிலையில் முன்னே 29, பின்னே 36 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்கில் நான்குக்கும் 32 என்று சமமாக அடித்தால் முன் பிடி கூடி, பின் பிடி குறைந்து, வால் ஆட்டம் தானாகக் கூடும்.

பெட்ரோல் டேங்க் முன்னால் இருக்கிறது. 80 லிட்டர் அளவுள்ள அந்த டேங்க் நிறைந்திருந்தால் சுமார் 60 கிலோ முன் அச்சின் மேல் இருக்கும். காலியான டேங்கோடு ஒரு காரும் நிரம்பிய டேங்கோடு இன்னொன்றும் ஓட்டி ஒப்பிடுவதில் பொருளில்லை. இரண்டிலும் பாதி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் புஷ்கள். நேரான, ஆளில்லாத சாலையில் இரண்டாம் கியர், 40 கி.மீ. வேகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதியுங்கள். ஒவ்வொரு முறையும் காரின் பின்பக்கம் இடவலமாக நெளிந்தால் பின் புஷ்கள் போய்விட்டன, அல்லது அலைன்மெண்ட் கெட்டிருக்கிறது. பிரேக் அடிக்கும்போது ஒரு முன் சக்கரம் மட்டும் முதலில் பூட்டிக்கொண்டால், டார்ஷன் பார் தளர்ந்து நான்கு மூலை எடை சரியாகப் பகிரப்படவில்லை என்று சந்தேகிக்கலாம்.

புதிய காரின் பழக்கம் எஞ்சினையும் கெடுக்கும். காற்றால் குளிரும் 911இல் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. சமதரையில், எஞ்சின் சூடாகி, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆறிய எஞ்சினில் பார்த்தால் காலி என்று காட்டும். ஒரு லிட்டர் ஊற்றுவார்கள், மிகுதி எண்ணெய் காற்று ஃபில்டர் வழியே ஏறி நீலப் புகை கிளம்பும், எஞ்சின் போச்சு என்று பட்டறைக்கு வருவார்கள்.

காலை மறுபடி பழக்குவது

பிரேக் வேலையை ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். திருப்பும்போது ஆக்ஸிலரேட்டரை மிக இலேசாக, பெடலில் கால் படும் அளவுக்கு மிதித்து நிலையாக வையுங்கள். வளைவு இறுகினால் காலை முழுவதும் எடுக்காமல், ஒரு விரற்கடை மட்டும் தளர்த்துங்கள். பின்பக்கம் கிளம்பிவிட்டால் ஸ்டீயரிங்கை உடனே எதிர்ப்பக்கம் கொடுங்கள், ஆக்ஸிலரேட்டரில் காலை அப்படியே வைத்திருங்கள். கார் திரும்பி வரத் தொடங்கும் அந்த நொடியிலேயே ஸ்டீயரிங்கையும் நேராக்கத் தொடங்குங்கள். கார் நேரான பிறகு நேராக்கினால் இரண்டாவது வீச்சு நிச்சயம். எதுவும் பலிக்காமல் சுழன்றேவிட்டால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து அடிவரை மிதித்துவிட வேண்டும்.

இதையெல்லாம் பொதுச்சாலையில் பழகக் கூடாது. லைப்சிக், ஹாக்கன்ஹைம், சில்வர்ஸ்டோன் ஆகிய இடங்களில் உள்ள போர்ஷே மையங்களிலும் பிற பயிற்சித் தளங்களிலும் மூடிய பாதையில் பயிற்றுநரோடு ஓட்டிப் பழகலாம். நீர் தெளித்த வட்டப் பாதை ஒன்று கிடைத்தால் இரண்டாம் கியரில் ஒரே சீராகச் சுற்றி, முன் டயர் நழுவத் தொடங்கும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே ஆக்ஸிலரேட்டரை முதலில் நான்கில் ஒரு பங்கு மட்டும் தளர்த்துங்கள், பிறகு பாதி, பிறகு முழுவதும். பிஎஸ்எம் உள்ள காரில் வந்தவர்கள் பயிற்றுநர் சொன்னால் அதை அணைத்துவிட்டு இதே வரிசையைத் திரும்பச் செய்யுங்கள்.