ஆர்எக்ஸ் 100 வாங்குகிறவர்களே, பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், நம்பரைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. போன சனிக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் இருந்து ஒரு தம்பி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1,35,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். சிவப்பு பெயின்ட், கண்ணாடி மாதிரி குரோம் மட்கார்டு, புது சீட். "டியூனிங் மட்டும் பாத்துட்டுக் குடுங்ணா, வண்டி சும்மா அம்சமா இருக்கு" என்றார். சத்தத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. இன்ஜின் ஹெட்டைக் கழற்றி, போரில், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையில், வெர்னியர் அளவுகோலை வைத்தேன். 58 மில்லிமீட்டர்.

ஆர்எக்ஸ் 100-க்கு போர் 50 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து எத்தனை தடவை ரீபோர் அடித்தாலும் அது 58-க்கு வராது. உள்ளே இருந்தது ஆர்எக்ஸ் 135 என்ற வேறு மாடலின் சிலிண்டர் பிளாக். சரி, ஃபிரேமாவது பார்ப்போம் என்று, அதன் நம்பர் அடித்திருக்கும் ஸ்டியரிங் கழுத்தில் பெயின்ட் ரிமூவர் தடவித் துடைத்தேன். தடிமனான பவுடர் கோட்டிங்குக்கு அடியில் கிரைண்டர் ஓட்டிய கோடுகள். முதல் எழுத்துகள் ஒரு ஆழம், பின்னால் வரும் எண்கள் வேறு ஆழம். பழைய எண்ணை அழித்து வேறு எண் அடித்திருக்கிறார்கள். தம்பி வாசல் திண்டில் உட்கார்ந்து ஆர்சி புக்கையே புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்கார்ட்ஸ் கம்பெனியோடு யமஹா கூட்டு சேர்ந்து செய்து, 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி இது. 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. அந்த இழுவை எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். விலை ஏறியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏறிய விலையை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

"ரெஸ்டோர் பண்ணின வண்டிங்ணா, அதான் இவ்வளவு விலை." தினமும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். லட்சக்கணக்கில் ஓடிய வண்டி இது. ஆர்எக்ஸ் என்று பெயர் எழுதிய வண்டிக்கு இன்றும் பஞ்சமில்லை. கம்பெனியில் எந்த ஃபிரேமும் எந்த இன்ஜினும் சேர்ந்து வந்ததோ, அதே ஜோடியோடு நிற்கும் வண்டிக்குத்தான் பஞ்சம். சாயம் போன டேங்க், பாதி உரிந்த கம்பெனி ஸ்டிக்கர் இதையெல்லாம் பார்த்தால் உங்களுக்கு முகம் சுளிக்கிறது. விவரம் தெரிந்தவர் அந்தப் பாதி ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் பையில் கை விடுகிறார். அது இருந்தால் அந்த டேங்க் அந்த வண்டியோடு பிறந்தது என்று அர்த்தம். மணல் பீய்ச்சிப் பழைய பெயின்ட்டை உரித்து, பவுடர் கோட்டிங் கொடுத்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று. பிறகு நல்ல வண்டியும் ஒட்டுப்போட்ட வண்டியும் கண்ணுக்கு ஒன்றுதான்.

2022 மே மாதம் 1955-ஆம் வருட மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் உலென்ஹாவ்ட் கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. ஏலத்தில் அதற்கு முன் எந்தக் காரும் அந்த விலையைத் தொட்டதில்லை. கட்டியதே இரண்டு. கட்டிய நாளிலிருந்து விற்ற நாள்வரை கம்பெனி கையிலேயே இருந்த கார். எந்தப் பாகம் எப்போது மாறியது என்று யாரும் சந்தேகப்பட இடமில்லை. அந்தக் காருக்கும் நம் ஆர்எக்ஸுக்கும் இந்த விஷயத்தில் கணக்கு ஒன்றுதான்.

விலை ஏற ஏற, வண்டி இல்லாமல் ஆர்சி புக் மட்டும் தனியாக விலைக்கு வருகிறது. அந்த எண்ணை வேறு ஃபிரேமில் அடித்து, மேலே பளபளப்பு ஏற்றிவிடுகிறார்கள். தகுதிச் சான்றான எப்.சி.க்குப் போகும் நாளில், ஃபிரேமில் உள்ள சேசிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுக்கும்போதுதான் வாங்கியவருக்கு விஷயம் தெரிகிறது. வழக்கு வந்தால் மாட்டப்போவது கையில் வண்டி வைத்திருப்பவர். இன்ஜின் சிசி ஆர்சி-யில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் அது தனிக் குற்றம்.

"வின்டேஜ் வண்டிதானே, பேப்பர் கெடுபிடி இருக்காது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் ஆன, உருமாறாத வண்டிதான் வின்டேஜ். முதல் ஆர்எக்ஸ் 100-க்கே 2035-இல்தான் அந்த வயது வரும். அப்போதும் கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம், தினசரி வேலைக்கு ஓட்ட முடியாது. அதுவரை 15 வருடப் பதிவு, அதன்பின் 5 வருடத்துக்கு ஒரு புதுப்பித்தல். கடைசியாக 1996-இல் வந்த வண்டிக்கும் 2011-லேயே 15 வருடம் முடிந்தது. அதற்குப் பிறகு புதுப்பித்தாரா என்று கேட்காமல் கை நீட்டாதீர்கள்.

பகலில் போய்ப் பாருங்கள். ஸ்டியரிங் கழுத்திலும், இன்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸிலும் உள்ள எண்களை ஆர்சி-யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தை நகத்தால் வருடுங்கள். சுற்றியுள்ள உலோகத்தைவிடப் பள்ளமாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவர் "அந்த இடத்துல பெயின்ட்டைச் சுரண்டாதீங்க" என்றாலும் அப்படியே. ஆர்சி-யில் பெயர் இருப்பவரை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ்கூட வேண்டாம். அவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ஐக் கையெழுத்து மட்டும் போட்ட நிலையில் நான்கு கை மாற்றி வாங்கி வருகிறீர்களே, இதை எத்தனை தடவை சொல்வது! ஆர்சி-யில் ஃபைனான்ஸ் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 90-களில் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி இன்று இல்லையென்றால், கடன் பாக்கி இல்லை என்ற என்ஓசி வாங்க அலைந்தே ஓய்ந்துபோவீர்கள்.

வாங்கிவிட்டவர்களுக்கு: தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் திருட்டுக்குக் காசு வராது. ஹேண்டில் லாக்கை நம்பித் தெருவில் விடாமல், ராத்திரி வீட்டுக்குள் ஏற்றி வையுங்கள். அப்பா ஓட்டிய வண்டி மூலையில் நின்றால் அதற்கு பெயின்ட் அடிக்காதீர்கள், துரு பரவாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்சி-யையும் முதல் பில்லையும் லேமினேட் செய்யாமல் பத்திரப்படுத்துங்கள்.

பணம் கொடுக்கும் முன் பட்டறைக்கு ஒரு நடை கொண்டுவாருங்கள். நம்பர் பார்க்கப் பத்து நிமிடம், போர் அளக்க அரை மணி நேரம். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் மதியம்வரை கடை திறந்திருக்கும்.