மூடிய சிசிலியனா, திறவாச் சிசிலியனா?

சதுரங்கத்தில் 'க்ளோஸ்டு சிசிலியன்' என்ற தொடக்கத்தைத் தமிழில் 'மூடிய சிசிலியன்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அது பதுங்கி ஆடுபவர்களுக்கானது என்று இளம் ஆட்டக்காரர்கள் ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

வெள்ளையின் இ4-க்குக் கறுப்பு சி5 என்று பதில் தருவதே சிசிலியன் தற்காப்பு (எழுத்து கட்டத்தின் நெடுவரிசையையும் எண் அதன் குறுக்குவரிசையையும் குறிக்கும்; சிப்பாய் அந்தக் கட்டத்துக்கு நகர்கிறது). இத்தாலியரான ஜூலியோ போலேரியோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். 1813இல் ஆங்கிலேய ஆட்டக்காரர் ஜேகப் சாராட் செய்த மொழிபெயர்ப்பின் வழியாக இப்பெயர் ஆங்கிலத்தில் நிலைபெற்றது.

'க்ளோஸ்டு' என்ற அடைமொழி பலகையின் மையத்தைப் பற்றியது. திறந்த வகையில் வெள்ளை, குதிரையை எஃப்3-இல் வைத்து டி4 தள்ளும். கறுப்பின் சி சிப்பாய் அதை வெட்டும். வெள்ளைக்கு டி நெடுவரிசையும் கறுப்புக்கு சி நெடுவரிசையும் பாதி திறந்துவிடும், அதாவது அங்கே தன் சிப்பாய் இல்லாமல் போகும். அதன்பின் ஒரு நகர்த்தல் பிசகினாலும் ஆட்டம் கைநழுவலாம். க்ளோஸ்டு வகையில் வெள்ளை இரண்டாம் நகர்த்தலிலேயே குதிரையை சி3-க்குக் கொண்டுவரும். டி சிப்பாய் டி3-உடன் நின்றுகொள்ளும். ஜி3, ஜி2-இல் மந்திரி, பிறகு எஃப்4. கறுப்பு ராணிப் பக்கத்தில் பி5 என்று முன்னேறும். வெள்ளை ராஜா பக்கத்தில் படை திரட்டும். மனப்பாட வரிசைகளைவிட, எந்தக் காய் எங்கே நிற்க வேண்டும் என்ற நிலையறிவுதான் இங்கே கைகொடுக்கும்.

உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 1968 கேண்டிடேட்ஸ் போட்டியில், சோவியத் ஆட்டக்காரர் கெல்லருக்கு எதிராக அதே நாட்டின் போரிஸ் ஸ்பாஸ்கி இதைத்தான் ஆடினார். ஆறாவது ஆட்டத்தில் ஜி4, எஃப்5 என்று சிப்பாய்களை ஏவி, எஃப்6-இல் யானையையே பலிகொடுத்துத் தாக்கி வென்றார். இதையா பதுங்கும் ஆட்டம் என்பது?

'மூடிய' என்ற சொல்லின் குறை இதுதான்: முன்பு திறந்திருந்ததைத்தான் மூட முடியும். இங்கே மையம் திறக்கப்படவே இல்லை. வெள்ளை விரும்பினால் பின்னர் டி4 தள்ளித் திறக்கலாம். 'அடைத்த' என்பதும் பொருந்தாது. பிரெஞ்சுத் தற்காப்பில் வெள்ளையின் டி4, இ5 சிப்பாய்களும் கறுப்பின் டி5, இ6 சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நகரமுடியாமல் நிற்குமே, அந்த மையத்துக்கு 'அடைபட்ட மையம்' என்ற பெயரை விட்டுவைக்கலாம். திறந்த சிசிலியனுக்கு இணையாக, 'திறவாச் சிசிலியன்' என்பதே என் தேர்வு.