வேலியோரம் வருவது பசியால் அல்ல

போன மாதம் இன்னொரு கடமான். அசை போடுவதை நிறுத்தியிருந்தது, தீவனத் தொட்டிப் பக்கமே போகவில்லை. செத்த பிறகு பெருவயிற்றைத் திறந்து பார்த்தால், பாலித்தீன் பைகள் முறுக்கிப் பின்னி, இரண்டு கையாலும் தூக்கும்படி ஒரு உருண்டை. உள்ளே ஒரு சிப்ஸ் பாக்கெட். அதில் அச்சிட்ட விலைகூட அழியவில்லை.

உயிரியல் பூங்கா மருத்துவராக இந்த உருண்டையை எத்தனை தடவைதான் கையில் எடுப்பது?

வீசியவர் கொடுமைக்காரர் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாவம், பசியில வருது பாரு" என்று சொன்னவராகத்தான் இருப்பார். அந்த நினைப்புதான் தப்பு. மான் உங்களைக் கண்டதும் ஓடி வருகிறதென்றால், நேற்று வந்தவர் எதையோ வீசினார் என்று பொருள். கரடி எழுந்து நின்று கைநீட்டுவதும் பார்வையாளர் பழக்கிவிட்டதுதான். வயிறு நிறையத் தின்ற விலங்கும் உப்புக்கும் இனிப்புக்கும் வரும். ஆண் மான் மெலிந்து தெரிந்தால் உடனே பட்டினி என்று முடிவு கட்டாதீர்கள். இணை சேரும் பருவத்தில் அது சரியாக மேயாது, உடம்பு இறங்கும், பிறகு தேறிவிடும். பெரும்பாலான பூங்காக்களில் புலி, சிங்கத்துக்கு வாரம் ஒரு நாள் இறைச்சி கிடையாது. காட்டில் அவை தினமும் வேட்டையாடிச் சாப்பிடுவதில்லை என்பதால் தெரிந்தே விடும் இடைவெளி அது. ஒவ்வொரு இனத்துக்கும் என்ன தீவனம், எத்தனை கிலோ என்று எழுதி வைத்து, எடை போட்டுத்தான் கொடுக்கிறோம். அதற்கு மேல் நீங்கள் போடும் ஒரு துண்டு ரொட்டிகூட எங்கள் கணக்கைக் குலைக்கும்.

இதெல்லாம் லேசில் வந்த ஒழுங்கு இல்லை. 1855இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சி, நகரின் பீப்பிள்ஸ் பார்க் பூங்காவுக்குப் போய், கடைசியில் 1985இல் வண்டலூருக்கு வந்தது. கூண்டு போய், அகழியும் திறந்தவெளியும் வந்தன. நாடு முழுக்க ஒரே அளவுகோல் வர இன்னும் சில வருடம் ஆனது. 1972ஆம் வருட வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தை 1991இல் திருத்தி, 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தை அமைத்தார்கள். அதன் அங்கீகாரம் இல்லாமல் இன்று இந்தியாவில் யாரும் பூங்கா நடத்த முடியாது. எங்களுக்கு இத்தனை விதி போட்ட அதே சட்டம் பார்வையாளருக்கும் ஒன்று வைத்திருக்கிறது. பிரிவு 38ஜே: விலங்கைச் சீண்டுவது, அதற்குத் தீனி போடுவது, வளாகத்தில் குப்பை வீசுவது எல்லாமே குற்றம். சிறைத்தண்டனைகூட உண்டு.

"ஆபரேஷன் பண்ணி எடுக்கலாமே டாக்டர்?" என்று கேட்கிறார்கள். எக்ஸ்ரேயில் பாலித்தீன் தெரியாது. மான் சாதுவான மாடு இல்லை. துரத்திப் பிடிக்கும் பதற்றத்திலேயே தசை சிதைந்து செத்துப்போகும். அறிகுறி வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஆகவே, தின்பண்டத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பாலித்தீன் பை வேண்டவே வேண்டாம். வேலியைத் தட்டாதீர்கள், கல் எறியாதீர்கள், கத்தாதீர்கள். சளி, இருமல் இருந்தால் குரங்கு, சிம்பன்சி பக்கம் போகாதீர்கள்; நம் நோய் அவற்றுக்கும் தொற்றும். பிள்ளை அடம்பிடித்தால், பராமரிப்பாளர் தீவனம் வைக்கும் நேரத்தைக் கேட்டு அப்போது அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

கை தவறி ஏதாவது உள்ளே விழுந்துவிட்டால், தயவுசெய்து மறைக்காதீர்கள். அபராதம் போடுவார்களோ என்று நழுவிப் போகிறவர்கள்தான் அதிகம். என்ன விழுந்தது, எந்த விலங்கு வாயில் கவ்வியது என்று பக்கத்தில் நிற்கும் பராமரிப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். அது விழுங்கும் முன்பே எடுத்துவிட எங்களுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கும்.