தேர்ச்சிக் கணக்கில் வராத பிள்ளைகள்

"எங்கள் ஊர்ப் பள்ளி பிளஸ் டூவில் 94 விழுக்காடு தேர்ச்சி. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் என் மகனோடு படித்தவர்களில் பாதிப் பேரைக் காணோமே?" என்று குடியாத்தம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. தேர்ச்சி விழுக்காட்டில் வகுக்கும் எண், தேர்வு எழுதியவர்கள் மட்டுமே. நடுவில் நின்றவர்கள் அதில் வருவதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு: ஒன்பதில் 200 பேர் சேர்ந்தார்கள். பிளஸ் டூ தேர்வை 150 பேர் எழுதி, 141 பேர் தேறினார்கள். 150-ஆல் வகுத்தால் 94. சேர்ந்த 200-ஆல் வகுத்தால் 70.5. டிசி வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்தது உறுதியான 20 பேரைக் கழித்து, இடையில் வந்து சேர்ந்த 10 பேரைக் கூட்டினால் 190. அப்போது 74.2. இதுதான் நேர்மையான நிறைவு விகிதம். அமெரிக்காவும் 2010-11 முதல் இப்படிச் சேர்க்கை அணியை, அதாவது ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களின் தொகுப்பை, திருத்தித்தான் உயர்நிலைப் பள்ளி நிறைவைக் கணக்கிடுகிறது. மீதிப் பேர் அத்தனை பேரும் இடைநின்றவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்தாவது முடித்து ஐடிஐ, பாலிடெக்னிக் போனவர்கள் பிளஸ் டூ முடிக்கவில்லை. ஆனால் படிப்பை விடவும் இல்லை.

இடைநிற்றல் கணக்கின் சூட்சுமம், ஓர் ஆண்டைக் கடக்கும் இடத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒன்பதில் 100 பேர். இந்த ஆண்டு பத்தில் 96 பேர். ஒன்பதிலேயே தங்கியவர்கள் 3 பேர். தலைக்கணக்கு மட்டும் பார்த்தால் 100 - 96 - 3, இடைநிற்றல் 1 விழுக்காடு. பெயர் பெயராகப் பாருங்கள்: அந்த 96-இல் 6 பேர் ராணிப்பேட்டையிலிருந்தும் தனியார் பள்ளிகளிலிருந்தும் புதிதாக வந்தவர்கள். மேலே ஏறியது 90 பேர்தான். ஆக 7 பேரைக் காணவில்லை. அவர்களில் இருவர் வேறு பள்ளியில் சேர்ந்தது தெரிகிறது. மிச்சம் 5. வந்த பிள்ளைகள் போன பிள்ளைகளை மறைத்துவிட்டார்கள்! 2022-23 முதல் யூடைஸ் பிளஸ் என்ற நாடு தழுவிய பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பு மாணவர்வாரியாகத் தகவல் வாங்குவது இதனால்தான் பெரிய முன்னேற்றம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணுக்கும் அதே பலம் உண்டு.

எல்லை மாறினாலும் கணக்கு கெடும். 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய மாவட்ட எண்ணைப் புதிய மாவட்ட எண்ணோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனதுபோல் தோன்றும். காட்பாடி, அணைக்கட்டு, பேரணாம்பட்டு என்று ஒன்றியம் ஒன்றியமாகப் பழைய ஆண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

நேர்மாறான பிழையும் உண்டு: போனவரின் பெயர் பதிவேட்டிலேயே இருப்பது. 2023 பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை. கொரோனாவால் 2021-இல் பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி பெற்ற அணி அது. கணினியில் ஒரு பெயர் இருப்பதும் பெஞ்சில் ஒரு பிள்ளை இருப்பதும் ஒன்றல்ல. புது மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது, வீடு தேடிப் போய் விசாரிக்கும் ஆசிரியர் பயிற்றுநரின் பயணப்படிக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணும் நாளையும் கவனியுங்கள். யூடைஸ் கணக்கு நெடுங்காலம் செப்டம்பர் 30-ஐ அடிப்படையாகக் கொண்டிருந்தது. பொங்கல் முடிந்து பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளை அன்று வகுப்பில்தான் இருக்கும். அது திரும்பவில்லை என்பது அடுத்த செப்டம்பரில்தான் எண்ணாகத் தெரியும். பிப்ரவரி வருகைப் பதிவேட்டிலோ அப்போதே தெரிந்துவிடும்.