லிம்போமா: நெறியும் நிணநீரும்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெல்லிக்காய் போல ஒன்று புடைக்கும். "நெறி கட்டியிருக்கு, கால்ல எங்கயாச்சும் புண்ணு இருக்கா பாரு" என்பார்கள் வீட்டில். அந்த நெறிதான் நிணநீர்க்கணு. உள்ளே வந்த கிருமியை எதிர்க்க வெள்ளணுக்கள் அங்கே பெருகுவதால் வீங்குகிறது. புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும். அது புற்று அல்ல. அந்த அணுக்களே கட்டுமீறிப் பெருகினால்தான் லிம்போமா.

லத்தீனில் 'லிம்ஃபா' என்றால் தெளிந்த நீர். 'ஓமா' கட்டியைக் குறிக்கும் கிரேக்க விகுதி. நாம் லிம்ஃபாவை நிணநீர் என்கிறோம். சங்கப் பாடல்களில் நிணம் என்பது இறைச்சியின் கொழுப்பு. லத்தீன்காரர் தெளிவைப் பார்த்தார், தமிழர் கொழுப்பைப் பார்த்தார், இரண்டும் சரிதான். கை கால்களில் ஓடும் நிணநீர் தெளிவாக இருக்கும். நெய்ச்சோறு சாப்பிட்டபின் குடலிலிருந்து வருவதோ, கொழுப்பைச் சுமந்து பால்போல் வெளுத்திருக்கும்.

லிம்போமாவைச் சிலர் 'நிணநீர்க்கணுப் புற்று' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணுவே இல்லாத இடத்திலும் இது வரும், இரைப்பையே சாட்சி.

இயல்பான இரைப்பைச் சுவரில் நிணத்திசு அநேகமாகக் கிடையாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா அங்கே குடியேறினால் (ஹெலிக்ஸ் என்றால் சுருள், பைலோரோஸ் கிரேக்கத்தில் வாயில்காப்போன்) அதை விரட்ட நிணவணுக்கள் (நெறியில் பெருகும் அந்த வெள்ளணு வகை) வந்து சேர்கின்றன. விரட்ட முடிவதில்லை. ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்டுப் பெருகிக்கொண்டே இருக்கும் பி அணுக்களில் (நிணவணுக்களில் ஒரு வகை) ஒரு கூட்டம் மரபணுப் பிழைகளைச் சேர்த்துக்கொண்டு தறிகெடுகிறது. காலில் நெறி கட்டிய அதே வேலைதான். இங்கே புண் ஆறவே இல்லை.

இவ்வகைப் புற்றை 1983இல் இங்கிலாந்தில் நோய்த்திசுவை ஆராயும் மருத்துவர்களான பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் விவரித்தார்கள். பெயர் 'மால்ட் லிம்போமா'. ராகி மால்ட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சளிச்சவ்வு சார்ந்த நிணத்திசு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1991இல் ஐசக்சன் குழுவினர் இரைப்பையில் இந்தப் புற்று வந்த 110 பேரின் திசுவைப் பார்த்தபோது 101 பேரிடம் அந்தப் பாக்டீரியா இருந்தது. 1993இல் ஆறு பேருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேருக்குப் புற்று மறைந்தது! கீமோ இல்லை, கத்தி இல்லை. இன்றும் தொடக்கநிலை நோயாளிகளுக்கு முதல் மருந்து அதுதான். சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் கேட்கிறது. 11, 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறிக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்த அணுக்கள் கிருமியின் தூண்டுதல் இல்லாமலே பெருகப் பழகிவிட்டவை.

கண்ணைச் சுற்றி வரும் லிம்போமாவில் கிளமிடியா சிட்டாசி, சிறுகுடலில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி, தோலில் பொரீலியா ஆகியவற்றின் மீதும் சந்தேகம் உண்டு. ஆனால் கண் விஷயத்தில் ஒரு நாட்டில் கிடைத்த தடயம் இன்னொரு நாட்டில் கிடைக்கவில்லை. பெரும்பாலான லிம்போமாக்களுக்கு எந்தப் பாக்டீரியாவோடும் தொடர்பு காணப்படவில்லை.

தமிழில் எழுத: லிம்போமா, நிணநீர்ப் புற்று, மால்ட் லிம்போமா, சளிச்சவ்வு நிணநீர்ப் புற்று. நெறியை நெறி என்றே எழுதலாம்.